வெல்ஷில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள்

4 நவம்பர், காலை

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வேல்ஸ் நாட்டுப்புறத்தில் அந்தக் காலத்துச் சொலிசிட்டர், அதாவது பத்திரமும் வழக்கும் தயாரிக்கும் வழக்கறிஞர், என்றால் நிலச்சுவான்தாரின் ஆள்தானே? குத்தகைக்காரனைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவதும் பாக்கி வசூலிப்பதும்தானே அவர் வேலை? வெல்ஷ் மொழி மட்டும் தெரிந்த விவசாயி அந்த அலுவலகத்தின் படியேறி என்ன நியாயம் கேட்டிருக்க முடியும்?"

பாதி உண்மை. 1868 தேர்தலில் கார்டிகன்ஷயரிலும் கார்மார்தன்ஷயரிலும் லிபரல் கட்சிக்கு வாக்களித்த குத்தகைக்காரர்கள் பலரைப் பண்ணையை விட்டு வெளியேற்றினார்கள். அப்போது வாக்கில் ரகசியம் கிடையாது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஊருக்கே தெரியும். அந்த நோட்டீசுகளில் பலவற்றை ஏதோ ஒரு சொலிசிட்டரின் குமாஸ்தாதான் உட்கார்ந்து எழுதியிருப்பார். 1872இல் ரகசிய வாக்குச் சட்டம் வந்ததற்கு இந்த வெளியேற்றங்களும் ஒரு காரணம்.

மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மேற்கு வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் ஆவணக் காப்பகப் படிப்பு படித்த காலத்தில், பக்கத்துச் சந்தை ஊர் ஒன்றில் மூடப்போகிற ஒரு பழைய சொலிசிட்டர் அலுவலகத்தின் மாடியறைக் காகிதங்களுக்குப் பட்டியல் போடும் வேலை கிடைத்தது. இரண்டு குளிர்காலம் அங்கே உட்கார்ந்தேன். பெரிய எஸ்டேட்டுகளின் கட்டுகள் ஒரு சுவரோரம் இருந்தன. மற்ற மூன்று சுவர்களையும் அடைத்திருந்தவை இருபது ஏக்கர்காரர், விதவை, கப்பல் தச்சர், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களின் ஆலயமான சேப்பலின் மூப்பர் போன்றவர்களின் கட்டுகள். நீங்கள் சொல்லும் விவசாயி அந்தப் படியேறினார். அடிக்கடியே ஏறினார்.

4 நவம்பர், இரவு

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாக் காலத்துக்கும் சேர்த்து 'சொலிசிட்டர்' என்று எழுதிவிட்டேன். 1875 வரை பொதுச்சட்ட நீதிமன்றங்களில் வேலை பார்த்தவர் அட்டர்னி, சான்சரி நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர் சொலிசிட்டர். நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டும். 1873ஆம் ஆண்டின் நீதிமன்றச் சீர்திருத்தச் சட்டம் 1875இல் நடைமுறைக்கு வந்தபின் எல்லோரும் சொலிசிட்டர் ஆனார்கள். வெல்ஷ் பேச்சில் மட்டும் பழைய 'டூர்னை' தங்கிவிட்டது. அட்டர்னி என்பதன் வெல்ஷ் உருவம் அது.

பாரிஸ்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய நீதிமன்றத்தில் எழுந்து வாதாடுவது பாரிஸ்டர். வழக்கைத் தயாரிப்பது, பத்திரம் எழுதுவது, உயில் எழுதுவது, மாஜிஸ்திரேட் முன்பும் கவுன்டி நீதிமன்றத்திலும் பேசுவது சொலிசிட்டர்.

7 நவம்பர்

"ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?" என்று அதே வாசகர் கேட்கிறார். இதற்குத் தினக்கணக்குப் புத்தகத்தைத் திறப்பதுதான் வழி. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்று இருந்தது. யார் வந்தார், என்ன சொன்னார், எத்தனை கடிதம் போயிற்று எல்லாம் அன்றன்றே ஏறும். பிறகு அதிலிருந்துதான் பில் போடுவார்கள். பில்லின் நடை எனக்கு மிகவும் பிடித்தது. கட்சிக்காரரைப் பார்த்தே அது பேசும்: "உங்களைச் சந்தித்தது, உங்கள் வேலியை அண்டை வீட்டார் நகர்த்திவிட்டதாக நீங்கள் தெரிவித்தது, பொறுமையாக இருக்கும்படி உங்களுக்கு ஆலோசனை சொன்னது, 6 ஷில்லிங் 8 பென்ஸ்." ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சண்டையை இந்த ஒற்றை வரிகளிலேயே படித்துவிடலாம்.

அந்த 6 ஷில்லிங் 8 பென்ஸ் தற்செயலான தொகை இல்லை. ஒரு பவுண்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. நோபிள் என்ற பழைய தங்கக் காசின் மதிப்பு அது. காசு மறைந்தபிறகும் கட்டணமாக நின்றுவிட்டது. சின்ன வேலைக்கு அதில் பாதி, 3 ஷில்லிங் 4 பென்ஸ்.

எழுத்து வேலைக்கு நீளத்தைப் பொறுத்துக் கூலி. 72 சொல் ஒரு ஃபோலியோ. 'விற்கிறேன்' என்று ஒரு வார்த்தையில் முடியக்கூடியதை 'கொடுத்து, ஒப்படைத்து, விற்று, விடுவித்து, உறுதிசெய்து' என்று இழுத்ததில் சட்டப் பயம் கொஞ்சம், இந்தக் கணக்கும் கொஞ்சம். காற்புள்ளிகூட இல்லாமல் ஒரே வாக்கியம் ஆட்டுத்தோல் முழுக்க ஓடும். 1881இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று பத்திர வாசகத்தைச் சுருக்க வழி செய்தது, மற்றொன்று கட்டணத்தைச் சொத்தின் மதிப்போடு இணைத்தது. அதற்கு அப்புறம் கட்டுகள் மெலிந்துகொண்டே போவதைக் கையாலேயே உணரலாம்.

7 நவம்பர், சற்று நேரம் கழித்து

ஆட்டுத்தோல் ஏன் என்று கேட்பார்கள். சுரண்டித் திருத்தினால் அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காக.

12 நவம்பர்

இப்போது மொழி. எனக்கு இந்த விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்தபோது, நீதிமன்றம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்றும், வெல்ஷ் பேசுகிறவருக்கு அரசுப் பதவி கிடையாது என்றும் எழுதி வைத்தது. ஜனங்களோ வெல்ஷில் பிறந்து வெல்ஷில் செத்தார்கள். 1891இல் முதல் தடவையாகக் கணக்கெடுப்பில் மொழியைக் கேட்டபோதுகூட, அதாவது முந்நூற்றைம்பது வருடம் கழித்தும், வேல்ஸில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெல்ஷ் பேசினார்கள். மேற்கு நாட்டுப்புறத்தில் ஆங்கிலமே தெரியாதவர்கள் ஏராளம்.

அவர்களைப் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1588இலேயே பைபிள் முழுவதும் வெல்ஷில் வந்துவிட்டது. 1730களிலிருந்து கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய ஊர் ஊராகச் சுற்றும் பள்ளிகளிலும், பிறகு ஞாயிறு பள்ளிகளிலும் பெரியவர்கள்கூட எழுத்துக்கூட்டக் கற்றார்கள். ரோமர் நிருபத்தின் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வாதாடக்கூடிய மனிதர், தன் சொந்தக் குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி படிக்க முடியாமல் நின்றார். அந்த இடத்தில்தான் சொலிசிட்டர் இருந்தார். அவர் வெல்ஷில் கேட்டார், ஆங்கிலத்தில் எழுதினார், மறுபடி வெல்ஷில் சொல்லிக் காட்டினார். அந்த மூன்றாவது வேலையை எவ்வளவு நேர்மையாகச் செய்தார் என்பதைப் பொறுத்துத்தான் அவர் நல்லவரா கெட்டவரா என்பது. வேறு யாரும் சரிபார்க்க முடியாது.

பல உயில்களின் அடியில் சாட்சி வாசகத்தோடு ஒரு வரி சேர்ந்திருக்கும்: 'முதலில் வாசித்துக் காட்டி, வெல்ஷ் மொழியில் விளக்கிச் சொன்னபின்' அவர் தன் குறியை இட்டார் என்று. அந்த வரியை முதன்முதலில் பார்த்த அன்று நான் அதற்குமேல் வேலை பார்க்கவில்லை. கிழவர் போட்ட சிலுவைக் குறி மை கசிந்து நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தது.

நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் மோசம். சாட்சி வெல்ஷில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வார், அவருக்கான கூலியைக் கட்சிக்காரர்தான் தர வேண்டியிருக்கும். ஜூரிக்குப் புரிந்தது நீதிபதிக்குப் புரியாது, நீதிபதி சொன்னது ஜூரிக்குப் புரியாது. 1847இல் மூன்று இளம் ஆங்கில பாரிஸ்டர்கள் வேல்ஸின் கல்வி நிலை பற்றி விசாரித்து எழுதிய நீலப் புத்தக அறிக்கை, வெல்ஷ் மொழியே நீதிக்கும் முன்னேற்றத்துக்கும் தடை என்று பழி போட்டது. வேல்ஸ்காரர்கள் இன்றும் அதை 'நீலப் புத்தகத் துரோகம்' என்கிறார்கள். மொழி தெரியாமல் வந்து உட்கார்ந்த நீதிபதி தடையில்லையாம், மொழி தடையாம். எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

13 நவம்பர்

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது: நீதிபதிகளைப் பற்றி அப்போதே கேள்வி எழுந்தது. மத்திய வேல்ஸின் கவுன்டி நீதிமன்றத்துக்கு ஹோமர்ஷாம் காக்ஸ் என்ற, வெல்ஷ் தெரியாத ஒருவரை நியமித்தபோது பெரிய எதிர்ப்பு. 1872இல் ஆஸ்போர்ன் மார்கன் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வெல்ஷ் வழங்கும் மாவட்டங்களில் கூடியவரை அந்த மொழி தெரிந்தவரை நீதிபதியாக்குவது நல்லது என்று சபை ஏற்றது. 'கூடியவரை' என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்தான். இருந்தாலும் ஏற்றது. இந்த ஆஸ்போர்ன் மார்கன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1536இன் தடை முறைப்படி நீங்கியது 1942இல். அதற்கு முன் சுமார் இரண்டரை லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று போயிற்று. அதன்பிறகும், ஆங்கிலத்தில் பேசினால் தனக்குப் பாதகம் என்று காட்டினால்தான் வெல்ஷில் பேசலாம். மொழிபெயர்ப்புச் செலவு மட்டும் அரசுடையது ஆயிற்று. விரும்பினாலே பேசலாம் என்பது 1967 சட்டத்தில்தான் வந்தது.

17 நவம்பர்

சொத்து வேலை. நமக்குப் பழகிய பதிவு அலுவலகத்தை மறந்துவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். பழைய வேல்ஸில் கிரயத்தைப் பதிவதற்கென்று ஓர் இடம் கிடையாது. விற்கும் ஒவ்வொரு நிலத்தையும் பதிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமாக வந்ததே 1990 டிசம்பரில். அதுவரை பத்திரக் கட்டுதான் உரிமை. தாய்ப்பத்திரம் தொலைந்தால் நிலத்தையே நிரூபிக்க முடியாது. அதனால்தான் ஜனங்கள் கட்டைச் சொலிசிட்டரின் தகரப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியின் முகப்பில் பண்ணையின் பெயர் வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும்.

ஆளின் பெயரைவிடப் பண்ணையின் பெயர்தான் முக்கியம். ஏனென்றால் ஆட்கள் எல்லோரும் ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ். பழைய வெல்ஷ் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். நடுவில் 'ஆப்' என்று வரும். ஆங்கில நிர்வாகம் நிலையான குடும்பப் பெயர் கேட்டபோது அப்பாவின் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்பாக்களின் பெயரோ கைவிரலில் எண்ணிவிடலாம். ஒரே பாரிஷில், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதியில், ஐந்து ஜான் ஜோன்ஸ் இருந்தால் கடன் யாருடையது, நிலம் யாருடையது? அதனால் ஒவ்வொருவருக்கும் பின்னால் பண்ணை பெயர் சேரும்.

அப்புறம் வயல்கள். 'கை' என்றால் வயல். கை ஃபினான் என்றால் ஊற்று வயல், கை பெல்லா என்றால் கடைசி வயல். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எழுத்தர் இவற்றைக் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே வயல் நான்கு பத்திரத்தில் நான்கு விதமாக இருக்கும். திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது பற்றிய 1836 தசமபாகச் சட்டத்துக்குப் பிறகு பாரிஷ் பாரிஷாக வரைபடம் போட்டு வயலுக்கு எண் கொடுத்ததும்தான் இந்தக் குழப்பம் கொஞ்சம் தணிந்தது.

வாங்குகிறவரின் சொலிசிட்டர் வில்லங்கம் பார்ப்பது என்றால் அறுபது வருடப் பத்திரத்தை வரிசையாகப் படிப்பது. 1874இல் அது நாற்பது ஆனது, 1925இல் முப்பது, 1969இல் பதினைந்து. பின்னால் ஒரு கதைக்கு இந்த எண்கள் வேண்டும்.

18 நவம்பர்

நேற்றையதில் 'காதில் விழுந்தபடி எழுதுவார்' என்று எல்லா எழுத்தர்களையும் குறை சொன்ன மாதிரி ஆகிவிட்டது. நான் பார்த்த கட்டுகளில் மிகச் சுத்தமான வெல்ஷ் எழுத்துக்கூட்டல் வைத்திருந்த எழுத்தர்களும் உண்டு. ஊர்ப் பையன்கள், ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். பண்ணைப் பெயரைத் தப்பாக எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. எஸ்டேட் பத்திரம் ஒருவிதம், விவசாயியின் பத்திரம் இன்னொரு விதம். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

24 நவம்பர்

'டி உன்னோஸ்' பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டார். 'ஓரிரவு வீடு' என்று பொருள். பொதுநிலத்தில் அந்தி சாய்ந்தபின் ஆரம்பித்து, விடிவதற்குள் கூரை போட்டுப் புகைபோக்கியில் புகை வரவைத்துவிட்டால் வீடு உனக்கே. வாசலில் நின்று கோடரியை எறிந்தால் அது விழும் தூரம் வரை நிலமும் உனக்கு. ஊரார் இதை முழுக்க நம்பினார்கள். சட்டப் புத்தகத்தில் இது கிடையாது.

ஆனால் அலுவலகத்துக்கு வந்து இதைச் சொன்னவரை நல்ல சொலிசிட்டர் திருப்பி அனுப்பவில்லை. புகையைப் பற்றிக் கேட்க மாட்டார், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்பார். தனியார் நிலத்தில் இருபது வருடம் யாரும் கேட்காமல் இருந்தால் அனுபோக பாத்தியதை, 1874 சட்டத்துக்குப் பிறகு பன்னிரண்டு. அரச நிலமானால் அறுபது. மேற்கு வேல்ஸின் மலைத் தரிசில் பெரும்பகுதியை அரசே தனதென்று கேட்டதால் அந்த அறுபதுதான் கஷ்டம். 'என் தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் புகை வருகிறது' என்று கிழவிகள் சொன்னதை எழுதிய வாக்குமூலங்கள் கட்டுகளில் உண்டு. நம்பிக்கையைச் சட்டத்தின் சொல்லுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

24 நவம்பர், இரவு

கடலோர ஊர்களில் இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு கப்பலுக்கு 64 பங்கு என்று சட்டக் கணக்கு. மளிகைக்காரர், போதகர், விதவை என்று ஆளுக்கு ஒன்றிரண்டு பங்கு வைத்திருப்பார்கள். கப்பல் திரும்பாவிட்டால் இத்தனை வீட்டுக்கும் சொலிசிட்டர்தான் காகிதம் எழுத வேண்டும்.

1 டிசம்பர்

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன், கேட்டவர் விடவில்லை: "பணக்காரர் பக்கம் நின்றதை மழுப்புகிறீர்கள்."

சரி, மழுப்பவில்லை. சிறிய ஊரில் சொலிசிட்டர் ஒருவரே பல நாற்காலியில் உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட்டுகளின் எழுத்தர் அவரே, 1834க்குப் பிறகு ஏழைகள் சட்டக் காவலர் குழுவின் எழுத்தரும் அவரே, சுங்கச்சாவடி டிரஸ்டின் எழுத்தரும் அவரே. எஸ்டேட்டின் மேற்பார்வை, தேர்தல் முகவர் வேலை, சில சமயம் பிரேத விசாரணை அதிகாரி, இன்சூரன்ஸ் முகவர். காலையில் சுங்கக் கட்டணத்தை நிர்ணயித்த கூட்டத்துக்குக் குறிப்பெழுதியவர், மதியம் கட்டாதவருக்கு அபராதம் போட்ட மாஜிஸ்திரேட்டின் காதில் சட்டம் சொல்வார். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்.

இதற்கு எதிராகத்தான் ரெபேக்கா கலகம். 1839 மே மாதம் எஃபைல்வென் சுங்கச்சாவடியை உடைத்து ஆரம்பித்தார்கள். ஆண்கள் பெண் உடை கட்டி, ஆதியாகமத்தில் ரெபேக்காளின் சந்ததி பகைஞரின் வாசல்களைச் சுதந்தரிக்கும் என்று வருகிற வசனத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரும் வண்டிக்குச் சாவடிக்குச் சாவடி காசு கொடுத்தே மாளவில்லை அவர்களுக்கு. 1843இல் அரசு விசாரணைக் குழுவை அனுப்பியபோது விவசாயிகள் சொன்ன குறைகளில் சுங்கத்தோடு மாஜிஸ்திரேட் எழுத்தர்களின் கட்டணமும் இருந்தது. 1844இல் சட்டம் வந்து தெற்கு வேல்ஸின் சாவடிகளை ஒழுங்குபடுத்தியது.

ஆனால் அதே கலகத்தில் பிடிபட்டவர்களுக்காக நின்றவரும் ஒரு நாட்டுப்புற அட்டர்னிதான், கார்மார்தனின் ஹியூ வில்லியம்ஸ். தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தவர். அவருடைய தங்கையைக் கட்டியவர் தானியச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய ரிச்சர்ட் காப்டன். கலகத்தின் மூளையே வில்லியம்ஸ்தான் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள், நிரூபணம் ஆகவில்லை. ஒரே தொழில், ஒரே தெரு, ஒரே மாதிரியான தகரப் பெட்டிகள். ஒருவர் சாவடிக்குக் கணக்கெழுதினார், இன்னொருவர் உடைத்தவருக்காக வழக்கு நடத்தினார். அதனால்தான் 'ஆள்தானே' என்ற ஒற்றைச் சொல்லில் என்னால் முடிக்க முடியவில்லை.

9 டிசம்பர்

எதிர்பார்த்தபடியே லாயிட் ஜார்ஜைக் கேட்டார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ஆனதற்கு முன்னால் அவர் கிரிக்கியெத் என்ற சின்ன ஊரில் சொலிசிட்டர், அங்கேதான் எனக்கு அவர்மேல் ஈடுபாடு.

அப்பா இல்லாத பையன். மாமா ரிச்சர்ட் லாயிட் செருப்புத் தைப்பவர், சேப்பலில் போதனையும் செய்தவர். சட்டப் படிப்பின் முதல் தேர்வுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழிகளும் வேண்டும் என்றதும், மாமா தானே பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தை எடுத்துவைத்துக் கற்றுக்கொண்டு மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தொழில் பயிற்சிக்கு ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தக் காகிதத்துக்கு அரசு முத்திரைவரி மட்டும் 80 பவுண்டு, ஒரு பண்ணையாளின் இரண்டு மூன்று வருடக் கூலி. ஏழை வீட்டுப் பையன் இந்தத் தொழிலுக்கு வராமல் இருக்க இந்த வரி ஒன்றே போதும். குடும்பத்தின் சேமிப்பைத் துடைத்துத்தான் கட்டினார்கள். 1884இல் தேறினார். மாமா வீட்டின் பின்னறைதான் முதல் அலுவலகம்.

1888இல் லான்ஃப்ரோதென் வழக்கு. ராபர்ட் ராபர்ட்ஸ் என்ற கல்குவாரித் தொழிலாளி, மகளின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறந்தார். அவர் சேப்பல்காரர், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர். 1880இன் அடக்கச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சேப்பல் முறையில் பாரிஷ் கல்லறையில் அடக்கம் செய்யலாம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன ஆஸ்போர்ன் மார்கன். பாரிஷின் குருவான ரெக்டர் சம்மதிக்கவில்லை. கல்லறைக்கான அந்த நிலத்தை 1864இல் ஒரு பெண்மணி வாய்மொழியாகக் கொடுத்திருந்தார், ஊரார் சுவர் கட்டிக்கொண்டார்கள். ரெக்டரோ 1881இல் அதே பெண்மணியிடம் புதிதாகப் பத்திரம் எழுதி வாங்கி, திருச்சபை முறையில் மட்டுமே அடக்கம் என்று நிபந்தனை சேர்த்திருந்தார். கதவைப் பூட்டினார்.

குடும்பத்தார் லாயிட் ஜார்ஜிடம் வந்தார்கள். அவர் சொன்னது, பூட்டை உடைத்து அடக்கம் செய்யுங்கள். அது முரட்டு வாதம் இல்லை, மேலே சொன்ன பன்னிரண்டு வருடக் கணக்கு. 1881க்கு முன்பே அந்த நிலம் பாரிஷின் அனுபோகத்துக்கு வந்துவிட்டது, அப்புறம் எழுதிய பத்திரத்துக்குக் கொடுக்க நிலமே இல்லை. ரெக்டர் அத்துமீறல் வழக்குப் போட்டார். போர்த்மாடோக் கவுன்டி நீதிமன்றத்தில் ஜூரி கேட்டு வாங்கினார் லாயிட் ஜார்ஜ். ஜூரி சொன்னது நீதிபதியின் குறிப்பில் சரியாக ஏறவில்லை, தீர்ப்பு ரெக்டர் பக்கம் போனது. டிசம்பரில் லண்டனில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் முன்னிலையில் அதைத் திருப்பினார்கள். பதினாறு மாதம் கழித்து லாயிட் ஜார்ஜ் 18 ஓட்டு வித்தியாசத்தில் நாடாளுமன்றம் போனார்.

எனக்கு இதில் பிடித்தது வெற்றி அல்ல. ஓரிரவு வீட்டுக்காரரிடம் 'எத்தனை வருடமாக?' என்று கேட்கும் அதே அன்றாடக் கேள்விதான் இங்கேயும் வென்றது.

10 டிசம்பர்

நேற்று தம்பியை விட்டுவிட்டேன், அது அநியாயம். வில்லியம் ஜார்ஜும் சொலிசிட்டர். அண்ணன் அரசியலுக்குப் போனபிறகு அலுவலகத்தை நடத்தியவர் அவரே. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் 1911 வரை கிடையாது. அந்த வருடம் நிதியமைச்சராக இருந்து 400 பவுண்டு சம்பளத்தைக் கொண்டுவந்தவரே லாயிட் ஜார்ஜ்தான். அதற்கு முன்பு லண்டனில் அண்ணன் பேசிய பேச்சுக்குப் பின்னால், கிரிக்கியெத்தில் தம்பி எழுதிய அடமானப் பத்திரமும் உயிலும் இருந்தன. வில்லியம் 1967இல் இறந்தபோது வயது 101.

21 டிசம்பர்

எண்களை ஞாபகம் வைக்கச் சொன்ன கதை. வில்லங்கம் பார்க்கும் காலம் அறுபதிலிருந்து முப்பதுக்கும் பதினைந்துக்கும் இறங்கியதும், அதற்கு முந்தைய தோல் பத்திரமெல்லாம் அலுவலகங்களுக்கு வேண்டாத சுமையாயிற்று. 1925க்குப் பிறகு விளக்கு மூடி செய்கிறவர்களுக்குக்கூட விற்றார்கள். வெளிச்சம் பட்டால் தோல் அழகாக மஞ்சளாகத் தெரியும். இதைத் தடுத்துக் காப்பகங்களுக்கு அனுப்பும் வேலையை 1932இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஆவணச் சங்கம் எடுத்துக்கொண்டது. அபரிஸ்ட்வித்தின் தேசிய நூலகம் நிறையக் காப்பாற்றியது. அங்கே 1858க்கு முந்தைய உயில்கள் மட்டும் 1,90,000க்கு மேல் இருக்கின்றன, இணையத்திலேயே பார்க்கலாம்.

நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாம் தப்பவில்லை. பத்திரங்கள் காப்பகத்துக்குப் போயின. ஈரத்தாளில் அழுத்திப் பிரதி எடுத்த கடிதப் புத்தகங்கள் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒரு திங்கள்கிழமை நான் போனபோது அந்த அலமாரி காலி. மையெல்லாம் மங்கிவிட்டது, படிக்க முடியாது என்று யாரோ முடிவு செய்து குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். நான் வெள்ளிக்கிழமைதான் அதில் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்த இரண்டு புத்தகங்களை மட்டும் எடுக்க முடிந்தது. பத்திரம் சொல்வது முடிவை, கடிதம் சொல்வது மனிதரை. இன்றும் அந்த அலமாரி கண்ணில் நிற்கிறது.

3 ஜனவரி

கேட்டவரின் கடைசிக் கேள்வி: "வெல்ஷில் சரியாகத்தான் விளக்கினார் என்பதற்கு என்ன ஆதாரம்?"

பொதுவாக ஆதாரம் கிடையாது, அதை நவம்பர் 12 குறிப்பிலேயே ஒத்துக்கொண்டேன். ஒரே ஒரு கட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1870களின் உயில், ஒரு மலைப் பண்ணைக்காரருடையது. அதன் மடிப்புக்குள் பென்சிலில் எழுதிய துண்டுச்சீட்டு. படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் வெல்ஷில் குறித்தது. நிலக் குத்தகை மூத்தவனுக்கு, கடிகாரம் சின்னவனுக்கு, கறுப்புப் பசு மகளுக்கு.

ஆங்கில உயிலில் குத்தகை இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. பசுவைக் காணோம். 'உயிருள்ள, உயிரற்ற எல்லாப் பண்ணைச் சரக்கும்' மூத்தவனுக்கு என்ற வழக்கமான வாசகம் அதை விழுங்கிவிட்டது. இதைப் பார்த்ததும் நானும் உங்களைப் போலத்தான் முடிவுகட்டினேன். ஏமாற்றவில்லை என்றாலும், அலட்சியம் என்று.

இரண்டு வாரம் கழித்து அதே பெட்டியின் அடியில் சொத்தைப் பிரித்துக் கொடுத்த கணக்கு கிடைத்தது. அதே எழுத்தரின் கை. இறுதிச் சடங்குச் செலவு, மருத்துவர் பாக்கி, தச்சர் பாக்கி. அதற்குக் கீழே தொகை எதுவும் போடாமல் ஒரு வரி: கறுப்புப் பசு, மகளிடம் ஒப்படைத்தாயிற்று.